எனக்கும் உண்டு

அந்தக் குப்பி என் சுண்டுவிரலின் பாதி உயரம்கூட இருக்காது. அதற்குள் அக்காவின் சிறுகுடலிலிருந்து கிள்ளி எடுத்த சதைத் துணுக்குகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு குருணையரிசி அளவு, வெளிர் சிவப்பு. நர்ஸ் அதை மூடி, வெள்ளையாகப் புகைந்துகொண்டிருந்த ஐஸ் பெட்டிக்குள் வைத்தாள். உடம்பிலிருந்து சதை எடுத்தால் மருந்துத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது அப்படித்தான் ஒரு டப்பாவில் மிதக்கவிட்டு, லேபுக்குக் கொண்டுபோகச் சொல்லி என் கையில் தந்தார்கள். இதை அப்படிச் செய்யக் கூடாதாம். அந்தத் தண்ணீர் பட்டால் சதைக்குள் இருக்கும் நொதி செத்துவிடும், பிறகு அளப்பதற்கு ஒன்றும் இருக்காது என்று நர்ஸ் சொன்னாள். அரை மணி நேரம் கழித்து என் வாய் வழியாகவும் அதே மாதிரிக் குழாய் போயிற்று. என் துணுக்குகள் இன்னொரு குப்பியில், அதே பெட்டிக்குள், அக்காவின் குப்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தன. இரண்டிலும் ஒரே வீட்டுப் பெயர். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்ததற்குப் பிறகு நாங்கள் இவ்வளவு ஒட்டி எங்கும் இருந்ததில்லை என்று அப்போது தோன்றியது. தொண்டை மரத்திருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. மரத்திருக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நான் பேச்சு வராதவள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்தில், ஆரியங்கோட்டுப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் ஹெல்பராக இருக்கிறேன். குழந்தைகளோடு பேசிவிடுவேன். அவர்களைக் கூட்டிப்போக வரும் அம்மாமாரைக் கண்டால் பாத்திரம் கழுவப் போய்விடுவேன். அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள், எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள். ஒரே ஒரு காரியத்தை மட்டும் அவள் சத்தமில்லாமல் செய்வாள். அம்மா தட்டில் மீன் வைத்துவிட்டுத் திரும்பியதும் அந்தத் துண்டை என் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். முட்டையும் அப்படித்தான், பயறும் அப்படித்தான். அவள் பங்கையும் சேர்த்துத் தின்று வளர்ந்தவள் நான். எங்கள் பக்கத்தில் மீன் வேண்டாம் என்று சொல்கிற பெண்ணை யாரும் சும்மா விட மாட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் சித்தப்பா தொடங்கிவிடுவார். "சைவக்காரி வந்தாச்சு. அவளுக்கு ரெண்டு பப்படம் கூட வையுங்கடே."

"மீன் தின்னா எனக்கு தல வலிக்கும் சித்தப்பா."

"அது மீனு இல்ல பிள்ளே, உனக்க படிப்பு தலையில ஏறினதாக்கும்."

அக்காவும் சேர்ந்து சிரிப்பாள். தலைவலியை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. நானும் எனக்குக் கிடைத்த மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளைப் பாறசாலைக்கு அந்தப்பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். முதலில் பிறந்தது ஆண். இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்தான். மூன்றாம் நாள் குடிக்க மறந்துபோனவன்போல மார்பில் வாய் வைத்தபடியே தூங்கினான். பிறகு மூச்சு வேகமாக வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. கிருமி என்று சொன்னார்கள். அடுத்த பிள்ளையும் ஆண்தான். அவனும் அதேபோல, நாள்கூட மாறாமல் போனான். எனக்கும் அக்காவுக்கும் நடுவே எங்கள் அம்மாவுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்து ஒரு வாரத்துக்குள் இறந்திருக்கிறது. ஊர் இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. அந்த வீட்டுப் பெண்களின் வயிற்றில் ஆண் தங்காது என்ற பேச்சு, எனக்கு வந்த இரண்டு சம்பந்தங்களும் நாற்சந்தியிலேயே விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப்போகப் போதுமானதாக இருந்தது. அத்தான் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார். முதலில் போன் வந்தது, பிறகு பண்டிகைக்கு மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. அக்கா ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அவள் தனக்கென்று ஒரு தீர்ப்பு வைத்திருந்தாள். இரண்டாவது பிள்ளை போன பிறகு பால் வற்றுவதற்காகப் பிச்சிப்பூவை அவள் மார்பில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்க பாலுல விஷம் உண்டு மக்கா. குடிச்ச பிறகுதானே ரெண்டுபேரும் உறங்கினானுவ." இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. துணியை இறுக்கி முடிச்சுப் போட்டேன். அந்த அறையில் பூவின் மணம் தாங்க முடியாமல் இருந்தது. இன்றும் பிச்சிப்பூ விற்கும் இடத்தைக் கடக்கும்போது நான் மறுபக்கம் நடப்பேன்.

அதன்பின் வந்த லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளில், அவள் உபவாசம் தொடங்கினாள். எங்கள் சபையில் லெந்துக்கு ஒரு நேரம் சாப்பிடாமல் இருப்பது எல்லாரும் செய்வதுதான், நானும் இருப்பேன். அக்கா மூன்று நாள் தண்ணீர் மட்டும் குடித்தாள். பிள்ளைகளுக்குத் தான் செய்த பாவத்துக்கு என்றாள். ஒவ்வொரு வருடமும் மூன்றாம் நாள் வாந்தி வரும், தலை பிளக்கும், காலையா மாலையா என்று தெரியாமல் பேசுவாள். கஞ்சி குடித்து இரண்டு நாள் படுத்தால் சரியாகிவிடும். கர்த்தர் தன்னைச் சிட்சிக்கிறார் என்பாள்.

ஒரு வருடம் சபைப் பெண்கள் எங்கள் வீட்டிலேயே உபவாச ஜெபம் வைத்தார்கள். மூன்றாம் நாள் மதியம் அக்கா கண்களை மூடிக்கொண்டு, குழறலாக, யாருக்கும் பிடிபடாத சொற்களைச் சொல்லத் தொடங்கினாள். பெண்கள் அழுதார்கள். ஆவியானவர் இறங்கிவிட்டார், அவள் அந்நிய பாஷை பேசுகிறாள் என்று ஒரு ஆண்ட்டி அவள் தலையில் கை வைத்தார். எல்லாரும் நல்ல மனசுக்காரிகள். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவளுக்கு ஆண்டவர் பதில் கொடுத்தார் என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள். நான் அடுக்களை வாசலில் நின்றேன். என் எட்டு வயதிலிருந்தே அவள் தூக்கத்தில் உளறுவதைக் கேட்டவள் நான். அந்தக் குழறலை எனக்குப் பிரித்தெடுக்க முடிந்தது. "தொட்டில்துணி நனஞ்சிருக்கு, மாத்து" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். இத்தனை பேர் பாடிக்கொண்டிருக்கும்போது அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவள் உளறக்கூட இல்லை. மூன்றாம் நாள் காலை எழுப்பினால் எழவில்லை. நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சர்க்கரை சரி, தலை ஸ்கேன் சரி. ஓர் இளம் பெண் டாக்டர்தான் ரத்தத்தை ஐஸில் வைத்து லேபுக்கு ஓடச் சொல்லி, அதில் அம்மோனியா மிக அதிகம் என்று கண்டுபிடித்தார். குழாய் வழியாக மருந்தும் சர்க்கரைத் தண்ணீரும் ஏற்றிவிட்டு, வெளியே வந்து எங்களிடம் கேட்டார், இவர் வழக்கமாக என்ன சாப்பிடுவார் என்று. கூட வந்த சபை ஆண்ட்டி "எல்லாம் கழிக்கும் டாக்டரே, ஒரு குழப்பமும் இல்லா" என்று, எல்லாம் சாப்பிடுவாள் என்பதை மலையாளத்தில் சொல்லி முடித்துவிட்டார். டாக்டர் தலையாட்டிக்கொண்டு போனார். அவர் ஏறிய லிஃப்டின் கதவு மூடுவதற்கு முன்னால் ஓடிப்போய் உள்ளே நுழைந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் ஓடிப்போய்ப் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

"மீன் தின்ன மாட்டா. சின்னதுலயே தின்ன மாட்டா. முட்டயும் பயறும் தின்ன மாட்டா. எல்லாம் நான்தான் தின்னுவேன்."

டாக்டர் என்னை நன்றாகப் பார்த்தார். "குஞ்ஞுங்கள் வல்லதும் மரிச்சிட்டுண்டோ?" என்று கேட்டார். குழந்தைகள் யாராவது இறந்திருக்கிறார்களா என்று. மூன்று என்றேன். மூன்றும் ஆணா என்று அவரே கேட்டார்.

பிறகு அவர் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். மீன், முட்டை, பயறு, பால் எது உள்ளே போனாலும் அது செரிக்கும்போது உடம்பில் அம்மோனியா என்ற விஷம் உண்டாகும். ஈரலில் சில நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்து அதை மாற்றி மூத்திரத்தில் போக்கிவிடும். அந்த வரிசையில் ஒரு நொதி குறைந்தால் விஷம் தேங்கித் தலைக்கு ஏறும். இது தாய் வழியாக வருவது. ஆண்குழந்தைக்கு வந்தால் முழுதாக அடிக்கும். பெண்ணுக்கு வந்தால் பாதி வேலை நடக்கும், அவள் தெரியாமலேயே காலம் தள்ளலாம், மீனை மட்டும் அவள் நாக்கு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். "பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே எடுத்துத் தின்னும்" என்றார். "உங்கள் அக்கா மீனைத் தள்ளிவைத்துவிட்டு வருடா வருடம் தன்னையே தின்றிருக்கிறார். இனி ஒரு உபவாசம் இருந்தால் நான் காப்பாற்ற முடியாது."

அக்கா பிழைத்து வீட்டுக்கு வந்தாள். ஆனால் உபவாசத்தை விட மாட்டேன் என்றாள். "அந்தக் கொச்சு டாக்டருக்கு என்ன தெரியும். கடலாசுல எழுதித் தரட்டும், நான் நம்பியேன்." காகிதத்துக்காக முதலில் ரத்தம் எடுத்து மரபணுவில் பார்த்தார்கள். அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. சில குடும்பங்களில் பிழை இருக்கும், பரிசோதனைக்கு அகப்படாது என்றார் டாக்டர். நொதியையே நேராக அளக்க வேண்டும். ஈரலில் ஊசி குத்தலாம், ஆனால் அக்காவின் ரத்தம் உறையத் தாமதமானதால் அவருக்குத் துணிவில்லை. அதே நொதி சிறுகுடலின் உள்தோலிலும் உண்டு, அங்கிருந்து கிள்ளி எடுப்பது எளிது என்றார். உங்களுக்கும் இருக்கலாம், ஒரு காய்ச்சலோ ஆபரேஷனோ வந்தால் தெரிந்திருப்பது நல்லது, ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும் என்று என்னிடமும் சம்மதம் கேட்டார். அப்படித்தான் எங்கள் இரண்டு குப்பிகளும் ஒரே பெட்டியில் விமானம் ஏறி ஏதோ தூரத்து ஊருக்குப் போயின. எங்கள் குடும்பத்தில் விமானத்தில் போனது அத்தானுக்குப் பிறகு அவைதான்.

முடிவு வந்த அன்று அக்காவுக்கு ஜலதோஷம். நான் மட்டும் போனேன். அக்காவின் துணுக்குகள் எல்லாவற்றிலும் அந்த நொதி மிகக் குறைவு. என்னுடையவை எல்லாவற்றிலும் நன்றாக இருந்தது. பெண்களுக்கு உடம்பில் ஓரிடத்தில் அந்த நொதி இருக்கும், இன்னோரிடத்தில் இல்லாமல் போவதும் உண்டு, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் உங்களுக்கு அந்தக் குறை இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். நான் சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்துச் சற்று நேரம் காத்திருந்தார். எனக்கு அப்போது நாற்பத்தொன்று. பாறசாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது அந்த இரண்டு சம்பந்தங்களின் முகங்களை நினைத்துப் பார்த்தேன். ஒருவர் முகம் வரவில்லை. மற்றவர் கையில் வாட்ச் கட்டியிருந்தது மட்டும் வந்தது.

அக்கா பின்வாசலில் உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"கடலாசு தந்தினுமா?"

"தந்தினும்."

"என்ன போட்டிருக்கு?"

"பாலுல விஷம் ஒண்ணும் இல்ல. ஆருக்க பாலு குடிச்சாலும் பிள்ளையளுக்கு அப்படித்தான் ஆயிருக்கும். உடம்புக்குள்ள ஒரு சாதனம் குறவாக்கும்."

அவள் கிழங்கைத் திருப்பினாள். "அந்தக் குறவு அவனுவளுக்கு எங்க இருந்து வந்துது?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"பறயேன் மக்கா."

"அம்மைக்க வழி வாறதாம். நம்ம அம்மைக்க கிட்ட இருந்து உனக்கு. உனக்க கிட்ட இருந்து..."

அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அழவில்லை. கணக்கு சரியாக வந்துவிட்டவள்போல இருந்தாள். "அப்பம் நான் நினச்சது சரிதான். விஷம் பாலுல இல்ல, எனக்கு உள்ள. குடுத்தவதானே அனுபவிக்கணும். நான் நோம்பு இருக்கியதுல ஒரு தெற்றும் இல்ல."

டாக்டர் சொன்னதெல்லாம் என் தலைக்குள் வரிசையாக இருந்தது. யாருடைய குற்றமும் இல்லை, தாய்க்கே தெரியாமல் வருவது, இனி ஒரு உபவாசம் இருந்தால் உயிர் போகும். ஒன்றும் என் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்.

"எனக்கும் உண்டு."

"என்னது உண்டு?"

"அந்தக் குறவு. எனக்கும் உண்டுன்னு கடலாசுல இருக்கு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நீ மீன் தின்னுவியே."

"தின்னா எனக்கும் தல வலிக்கும். நான் பறஞ்சதில்ல."

நான் எதையும் சொல்லாதவள் என்பதால் அவளால் அதை நம்ப முடிந்தது. காகிதத்தை வாங்கிப் புரட்டினாள். எல்லாம் ஆங்கிலம். திருப்பித் தந்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், மதியம் எனக்காக மூடிவைத்திருந்த மீன்குழம்புச் சட்டியைத் தூக்கிவந்து தென்னைமூட்டில் கவிழ்த்தாள்.

"இனி இந்த வீட்டுல ஆரும் பட்டினி கிடக்கப்பிடாது, கேட்டியா. லெந்துக்கு ஒரு நேரம் இருப்பியே, அதும் வேண்டாம்."

"நீயும் இருக்கப்பிடாது."

"நான் இருந்தா நீயும் இருப்ப. பின்ன நான் எப்படி இருக்கியது."

அந்த லெந்துக்கு அவள் உபவாசம் இருக்கவில்லை. அதற்கு அடுத்த லெந்துக்கும் இல்லை. சபையில் ஆண்ட்டி கேட்டபோது, "எனக்க தங்கச்சிக்கு சீக்காக்கும், அவளப் பாக்கணும்" என்று பதில் சொன்னாளாம். தன் சீக்கை அவள் யாரிடமும் சொன்னதில்லை. என் சீக்கை ஊர் முழுக்கச் சொன்னாள்.

பொய் சொல்வதைவிட அதைக் காப்பாற்றுவதுதான் பாடு. எனக்கு லேசாகத்தான் உண்டு, மருந்து வேண்டாம், சாப்பாட்டில் பார்த்தால் போதும் என்று சொல்லி, அக்கா தினமும் கலக்கிக் குடித்த அந்தக் கசப்பு மருந்துப் பொடியிலிருந்து தப்பித்தேன். சாப்பாட்டிலிருந்து தப்பிக்க முடியவில்லை. அக்கா இருவருக்கும் ஒரே கரண்டியால் அளந்தாள். சோறு, கிழங்கு, பூசணி, வாழைத்தண்டு, தேங்காய் கொஞ்சம். பயறு அவளுக்கு எவ்வளவு என்று டாக்டர் எழுதித் தந்தாரோ எனக்கும் அவ்வளவே. அங்கன்வாடியில் முட்டை அவிக்கும் நாட்களில் உடைந்துபோன முட்டை ஏதாவது மிஞ்சினால், பாத்திரம் கழுவும் இடத்தில் சுவரைப் பார்த்து நின்று இரண்டே வாயில் விழுங்கிவிட்டு ஏலக்காய் மெல்லுவேன். டீச்சர் ஒருநாள் பார்த்துவிட்டு, "சேச்சி, அது முட்டதானே, மோஷணம் ஒண்ணும் இல்லல்லோ" என்று சிரித்தார். திருட்டு இல்லைதான், முட்டைக்கு அவரிடம் அனுமதி உண்டு. நான் மறைத்தது அவரிடமிருந்து அல்ல.

ஒவ்வொரு முறையும் டாக்டரைப் பார்க்கப் போகும்போது நான் கதவோரத்திலேயே நின்றுகொள்வேன். ஒருமுறை அக்கா நேராகவே கேட்டுவிட்டாள், "டாக்டரே, எனக்க தங்கச்சியையும் ஒண்ணு பாருங்க, மெலிஞ்சு போனா." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேசைக்கால்களைப் பார்த்தேன். பிறகு அவர், "ரெண்டு பேரும் பட்டினி கிடக்காமல் இருந்தால் போதும்" என்று சொல்லிச் சீட்டை எழுதினார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ஏழு வருடம் அப்படிப் போயிற்று. அந்த வருடங்களில் அக்கா சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காவல் காப்பதற்கு அவளுக்கு ஒருத்தி இருந்தாள். எனக்குத் தும்மல் வந்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இண்ணைக்கு என்ன கிழம, பறை பாப்போம்" என்று கேட்பாள். நான் கிழமையைச் சரியாகச் சொன்னால்தான் நகருவாள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நானும் அதையே கேட்டேன். போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சலில் இரண்டு நாள் சரியாகச் சொன்னாள். மூன்றாம் நாள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மோனியா இறங்கவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு மாதத்துக்கும் மேலிருக்கும். வேலை இல்லாத ஒரு சனிக்கிழமை. விழிஞ்ஞத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மாள், எங்கள் வீட்டைத் தாண்டியே போய்ப் பழகியவள், அன்றைக்குப் பாத்திரத்தை இறக்கி எங்கள் படியில் வைத்தாள்.

"இஞ்ச வாங்கியதில்லையே" என்றேன்.

"தெரியும். உனக்க அக்கா பறஞ்சிட்டுப் போயிருக்கா. நான் இல்லாம ஆன பிறகு ஒரு மாசம் விட்டு, கேக்காமலே கொண்டு வைன்னு."

எனக்கும் அதே நோய், மீன் ஆகாது என்று சொன்னேன். ஏழு வருடம் சொல்லிப் பழகிய வாய், அதுவாகவே சொல்லிற்று.

அந்த அம்மாள் சாளையின் மேலிருந்த ஐஸைத் தள்ளினாள். "எனக்க கிட்ட எதுக்கு பிள்ளே. தங்கச்சிக்கு ஒரு சீக்கும் இல்லன்னு அவ எப்பமோ பறஞ்சாச்சு. எனக்கு வேண்டியாக்கும் அவ மீன் தின்னாம கிடக்கியான்னு பறஞ்சா. பின்ன ஏன் நீ கேக்காம இருக்கேன்னு நான் கேட்டேன். கேட்டா அவளுக்கு நாணமாயிரும், அவ அப்படிப்பட்டவளாக்கும்னு சொன்னா."

எந்த வருடம் சொன்னாள் என்று கேட்டேன். அது அந்த அம்மாளுக்கு நினைவில்லை. மழை இல்லாத காலம், அவ்வளவுதான் தெரியும் என்றாள். என் பொய்யை அக்கா எந்த லெந்துக்கு முன்னால் கண்டுபிடித்தாள், கண்டுபிடித்த பிறகும் உபவாசம் இருக்காமல் விட்ட லெந்து எத்தனை என்பது இனி எனக்குத் தெரியப்போவதில்லை. எனக்காகத்தான் சாப்பிடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருடங்களில் அவளும் எனக்காகத்தான் என்னைக் கேட்காமல் இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இருவரும் சிரித்திருப்போம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றியிருக்காது.

"எத்தன வேணும்?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

ஒரு ஆளுக்கு எத்தனை மீன் என்று எனக்குத் தெரியவில்லை. என் பங்கை நான் தனியாக எண்ணிப் பார்த்ததே இல்லை. "நீங்களே போடுங்க" என்று சட்டியை நீட்டினேன்.